பதினான்கில் ஒன்பது

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஆகஸ்ட் கடைசியில் ஆளுக்கொரு தாளில், வரப்போகும் என்.எஃப்.எல். சீசனில் பிளேஆஃபுக்குப் போகும் 14 அணிகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருடம் நன்றாக ஆடிய அணிகளாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எட்டு, ஒன்பதுக்கு மேல் சரியாக வருவதில்லை. டி.வி. நிபுணர்களும் இதே கதிதான். கடைசி இடத்துக்கு வந்த அணிகளுக்கு அடுத்த வருடம் சுலபமான எதிரிகளைக் கொடுத்து லீக்கே தூக்கிவிடுகிறது என்கிறார் பக்கத்து சீட்டு நண்பர். அதுதான் காரணமா? ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்து எழுதினால் பலிக்குமா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: முதலில் ஒரு ஆறுதல். 32 அணிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி 14 எடுத்தால் சராசரியாக ஆறு சரியாக விழும். நீங்கள் எட்டும் ஒன்பதும் எடுக்கிறீர்கள். நிபுணர்களும் அந்த இடத்திலேயே நிற்கிறார்கள் என்றால் குறை உங்கள் உழைப்பில் இருக்க முடியாது. இந்த லீக்கின் அமைப்பிலேயே ஏதோ இருக்கிறது. அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்தைத் தொடராத வாசகர்களுக்கு இரண்டு வரி. என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் பதினாறு பதினாறாக இரண்டு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நான்கு டிவிஷன்கள். டிவிஷன் என்பது நான்கே அணிகள் கொண்ட சிறு குழு. செப்டம்பரிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள். அதன்பின் வரும் நாக்-அவுட் சுற்றுதான் பிளேஆஃப். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நான்கு டிவிஷன் முதலிடங்களும், மீதியில் சிறந்த மூன்று அணிகளும் உள்ளே போகும். அந்த மூன்றுக்கு வைல்டு கார்டு என்று பெயர். 2020 முதல் இந்த 14 கணக்கு; அதற்கு முன் 12.

இனி உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். அமெரிக்காவிலேயே பலர் இதை நம்புகிறார்கள். ஆனால் அட்டவணை எப்படிப் போடப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. 17 ஆட்டங்களில் ஆறு சொந்த டிவிஷன் அணிகளோடு, உள்ளூரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக. நான்கு, அதே கான்ஃபரன்ஸின் வேறொரு டிவிஷனோடு. இன்னும் நான்கு, எதிர்க் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனோடு. இந்த 14-ம் நிலையாகவோ சுழற்சி முறையிலோ வருபவை. ஒரு டிவிஷனின் நான்கு அணிகளுக்கும் அவை பொது. போன வருட இடத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுபவை மிச்சமுள்ள மூன்றே மூன்று. முதலிடத்துக்கு முதலிடங்கள், கடைசி இடத்துக்குக் கடைசி இடங்கள்.

அந்த மூன்றும் எவ்வளவு சுலபம் என்பதற்கு உங்கள் ஊர் அணியே சாட்சி. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2022-ல் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு டிராவோடு டிவிஷனில் கடைசி. அதனால் 2023-ல் அவர்களுக்கு வந்த மூன்று 'கடைசி இட' எதிரிகள் நியூயார்க் ஜெட்ஸ், டென்வர் பிராங்கோஸ், அரிசோனா கார்டினல்ஸ். கார்டினல்ஸை 21-16 என்றும் பிராங்கோஸை 22-17 என்றும் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். ஜெட்ஸிடம் 30-6 என்று அடி வாங்கினார்கள். ஆனாலும் அந்த ஆண்டு 10 வெற்றி, 7 தோல்வி, அதாவது 10-7 என முடித்து டிவிஷனையே வென்றார்கள். அவர்களை மேலே கொண்டுபோனது அட்டவணை இல்லை.

பிறகு எது? முதல் காரணம் 17 என்ற எண். பேஸ்பாலில் ஓர் அணி சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது, கூடைப்பந்தில் 82. அத்தனை ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 17-ல் அதற்கு நேரம் போதாது. எந்த ஆட்டத்திலும் ஜெயிக்கவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்புள்ள நடுத்தர அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது 10 அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 31. ஏழு அல்லது அதற்குக் கீழே நிற்கும் வாய்ப்பும் நூற்றுக்கு 31. அதே ஆட்டக்காரர்கள், அதே பயிற்சியாளர், அதே திறமை. மூன்றில் ஒரு தடவை 'எழுச்சி' என்று தலைப்பு வரும், மூன்றில் ஒரு தடவை பயிற்சியாளரின் வேலை போகும்.

இதோடு, ஆட்டங்கள் முடியும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 8 புள்ளியோ அதற்குக் குறைவோ வித்தியாசத்தில் முடிந்தால் அதை 'ஒரே ஸ்கோர் ஆட்டம்' என்பார்கள். டச் டவுன், அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது, 6 புள்ளி. அதற்குப் பின் கிடைக்கும் கூடுதல் முயற்சியில் அதிகபட்சம் 2. ஆக, ஒரே தாக்குதலில் சமன் செய்யக்கூடிய தூரம் 8. டெக்சன்ஸின் 2023 சீசனில் 17-ல் 10 ஆட்டங்கள் இந்த வகை. ஏழில் வெற்றி, மூன்றில் தோல்வி.

அந்தப் பத்தில் இரண்டை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். நவம்பர் 5, டாம்பா பே பக்கனியர்ஸுக்கு எதிராக உங்கள் ஊர் மைதானத்தில். டெக்சன்ஸின் உதைப்பாளர் பாதி ஆட்டத்தில் காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோலை, பந்தோடு ஓடுவதையே தொழிலாகக் கொண்ட டாரே ஓகன்போவாலே உதைத்தார். உள்ளே போனது. ஆட்டம் முடிய 6 விநாடி இருக்கும்போது அறிமுக ஆண்டு வீரர் சி.ஜே. ஸ்ட்ரவுட் வீசிய பந்து டச் டவுன் ஆனது. முடிவு 39-37. இரண்டே புள்ளி.

இன்னொன்று கடைசி வாரம், 2024 ஜனவரி 6, இண்டியானாபொலிஸில். டெக்சன்ஸ், கோல்ட்ஸ் இருவரும் 9-7. ஜெயிப்பவருக்கு பிளேஆஃப், தோற்பவருக்கு வீடு. டெக்சன்ஸ் 23-17 என முன்னிலை. கடைசி நிமிடங்களில் கோல்ட்ஸ் கோட்டை நெருங்கிவிட்டார்கள். தேவை ஒரு கெஜம், மிச்சம் ஒரே முயற்சி. பக்கவாட்டில் ஆளில்லாமல் நின்ற வீரரை நோக்கி பந்து போனது. கையில் பட்டு நழுவித் தரையில் விழுந்தது. அங்கே அது பிடிபட்டிருந்தால் ஆட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகஸ்டில் உங்கள் தாளில் டெக்சன்ஸ் என்று எழுதியிருந்தால் அது சரியா தவறா என்று தீர்மானித்ததில் அந்த நழுவலுக்கும் பங்கு உண்டு. எந்த நிபுணரால் அதை நான்கு மாதம் முன்னால் பார்க்க முடியும்?

இங்கேதான் உங்கள் முறையில் இருக்கும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். 'போன வருடம் நன்றாக ஆடிய அணி' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வெற்றி-தோல்விக் கணக்கை வைத்து என்றால், மேலே பார்த்த நழுவல்களும் கடைசி விநாடி வீச்சுகளும் எல்லாம் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கின்றன. அதைவிட நம்பகமான சாட்சி புள்ளி வித்தியாசம்: சீசன் முழுக்க எடுத்த புள்ளிகளிலிருந்து கொடுத்த புள்ளிகளைக் கழித்தால் வருவது.

2022-ல் ஒரே டிவிஷனில் இரண்டு அணிகள். மின்னசோட்டா வைக்கிங்ஸ் 13-4 என்று அசத்தியது. டெட்ராய்ட் லயன்ஸ் முதல் ஏழில் ஆறைத் தோற்று, பிறகு எழுந்து 9-8 என முடித்து, மயிரிழையில் பிளேஆஃபைத் தவறவிட்டது. இப்போது புள்ளிகளைப் பாருங்கள். வைக்கிங்ஸ் எடுத்தது 424, கொடுத்தது 427. பதின்மூன்று ஆட்டம் ஜெயித்த அணி, மொத்தத்தில் மூன்று புள்ளி பின்னால்! ஒரே ஸ்கோர் ஆட்டங்களில் அவர்கள் 11-0. லயன்ஸ் எடுத்தது 453, கொடுத்தது 427. அடுத்த ஆண்டு லயன்ஸ் 12-5, முப்பது ஆண்டுகளில் முதல் டிவிஷன் பட்டம். வைக்கிங்ஸ் 7-10. வைக்கிங்ஸின் முதன்மை வீரர் கர்க் கசின்ஸ் 2023-ன் எட்டாவது ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஆட்டத்தோடு சேர்த்தே அவர்கள் 4-4 தான்.

புள்ளிகளை வெற்றிகளாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கியது. வடிவத்தில் பித்தாகரஸ் தேற்றத்தை ஒத்திருப்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதைக் கால்பந்துக்குப் பொருத்தி அடுக்கு எண்ணை 2.37 என்று வைத்தவர் டேரில் மோரி. உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். பிற்பாடு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியை நடத்தியவர். 2022 வைக்கிங்ஸை அதில் போட்டால் எட்டரைக்குச் சற்றுக் குறைவான வெற்றிகள் வரும், லயன்ஸுக்கு ஒன்பது. சூத்திரம் பயமுறுத்தினால் விட்டுவிடுங்கள். ஏறக்குறைய 38 புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு வெற்றி என்று வைத்துக்கொண்டு, நடுவான எட்டரையோடு கூட்டவோ கழிக்கவோ செய்தால் போதும்.

இரண்டாவது காரணத்தில் உங்கள் நண்பருக்குப் பாதி நியாயம் உண்டு. லீக் அணிகளைச் சமப்படுத்தத்தான் பார்க்கிறது. ஆனால் அட்டவணையால் அல்ல, பணத்தாலும் ஆட்களாலும். 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2024-ல் அது 25.54 கோடி டாலர். ஒரு வருடம் எல்லாம் பொருந்தி ஜெயித்த அணியின் வீரர்கள் அடுத்த வருடம் அதிகம் கேட்பார்கள். எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது. இன்னொரு கருவி டிராஃப்ட்: கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. மிக மோசமான அணிக்கு முதல் உரிமை.

ஆனால் டிராஃப்டும் நிச்சயமான ஏணி கிடையாது. 2023 ஜனவரியில் டெக்சன்ஸ் சீசனின் கடைசி ஆட்டத்தை 32-31 என ஜெயித்தார்கள். அந்த ஒரு புள்ளி வெற்றியால் முதல் தேர்வு உரிமை கைவிட்டுப் போனது. சுற்றி வந்து அது கரோலினா பாந்தர்ஸிடம் சேர்ந்தது. அவர்கள் பிரைஸ் யங்கை எடுத்தார்கள். இரண்டாவதாக நின்ற டெக்சன்ஸுக்குக் கிடைத்தவர் ஸ்ட்ரவுட். அந்த ஆண்டு பாந்தர்ஸ் 2-15, டெக்சன்ஸ் டிவிஷன் வெற்றியாளர். 2023 பாந்தர்ஸின் இரண்டே வெற்றிகளில் ஒன்று டெக்சன்ஸுக்கு எதிராக, 15-13. இந்த விளையாட்டை நான் நேசிப்பதற்கு இப்படிப்பட்ட முடிச்சுகளும் ஒரு காரணம்.

இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன? 1990 முதல் 2024 வரை ஒவ்வொரு சீசனிலும், முந்தைய ஆண்டு பிளேஆஃபில் இல்லாத நான்கு அணிகளாவது புதிதாக உள்ளே வந்திருக்கின்றன. 2022-ல் ஏழு, 2023-ல் ஆறு, 2024-ல் நான்கு. போன வருடப் பட்டியலையே திருப்பி எழுதியிருந்தால் இந்த மூன்று ஆண்டுகளில் ஏழு, எட்டு, பத்து எடுத்திருப்பீர்கள். 2021 சாம்பியன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அடுத்த ஆண்டு 5-12 என்று விழுந்தது.

இதற்கு விலக்குகள் இருக்கின்றன. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 2009 முதல் 2019 வரை பதினொரு வருடம் தொடர்ந்து டிவிஷனை வென்றது. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2016 முதல் 2024 வரை ஒன்பது. முந்தையதில் டாம் பிராடி, பிந்தையதில் பெரும்பகுதி பேட்ரிக் மஹோம்ஸ். இருவரும் குவார்ட்டர்பேக்குகள், அதாவது ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தை முதலில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர்கள். மற்ற எந்த இடத்தையும்விட ஓர் அணியின் தலைவிதி இந்த ஒருவர் கையில். 2023-ல் ஆரன் ராட்ஜர்ஸை நம்பி ஜெட்ஸ் ரசிகர்கள் கோப்பைக் கனவே கண்டார்கள். செப்டம்பர் 11 இரவு, களமிறங்கிய நான்காவது ஆட்டமுயற்சியில் அவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. சீசன் 7-10. ஆனால் அதே ஆண்டு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ஐந்து குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கி 11-6 என்று உள்ளே போனது. ஆகவே காயத்தை வைத்தும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது.

வாசல் விஷயம் ஒன்று பாக்கி. நாம் அணியின் பலத்தைக் கணிக்கிறோம். ஆனால் பிளேஆஃபின் முதல் வாசல் டிவிஷன் வழியாகத்தான் திறக்கிறது. 2008-ல் பேட்ரியாட்ஸ் 11-5 எடுத்தும் வெளியே. சான் டியேகோ சார்ஜர்ஸ் 8-8 எடுத்து டிவிஷனை வென்று உள்ளே. 2022-ல் பக்கனியர்ஸ் 8-9 என்று தோல்விகளே அதிகமாக இருந்தும் போனது. ஆகவே 14 நல்ல அணிகளைத் தேடாதீர்கள். எட்டு டிவிஷன்களுக்கும் ஒவ்வொன்றாக முதலிடம் எழுதுங்கள், அப்புறம் வைல்டு கார்டுக்கு வாருங்கள். பலவீனமான டிவிஷனின் நடுத்தர அணிக்கு, பலமான டிவிஷனின் மூன்றாவது அணியைவிட வாய்ப்பு அதிகம்.

இனி செய்முறை. செஸ் பார்க்கும் தமிழர்களுக்கு எலோ எண் பழக்கமானது. ஆனந்துக்கும் குகேஷுக்கும் தரம் சொல்லும் அதே கணக்கு. புள்ளிவிவர நிபுணர் நேட் சில்வரின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் குழு அதை என்.எஃப்.எல்.லுக்கும் போட்டது. புது சீசன் தொடங்குமுன் ஒவ்வோர் அணியின் எண்ணையும் நடுவை நோக்கி மூன்றில் ஒரு பங்கு இழுத்துவிட்டார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஓர் அணி போன வருடம் 114 புள்ளி முன்னிலையில் முடித்தது என்றால் அது மூன்று வெற்றிக்குச் சமம். எட்டரையோடு சேர்த்தால் பதினொன்றரை. மூன்றில் ஒரு பங்கு இழுத்தால் பத்தரை. பிறகு குவார்ட்டர்பேக் மாறியிருந்தால் உங்கள் அறிவுக்கு எட்டியபடி ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். 32 அணிகளுக்கும் எழுதி முடித்ததும் வெற்றிகளைக் கூட்டுங்கள். சீசனில் மொத்தம் 272 ஆட்டங்கள்தான். டிராக்களை விட்டுவிட்டால் வெற்றிகளும் 272 தான். முதல் தடவை கூட்டும்போது அநேகமாக எல்லோருக்கும் இதைவிட அதிகமாகத்தான் வரும், ஏனென்றால் எந்த அணியையும் 4-13 என்று எழுத மனசு வராது. மிகுதியைக் கழிக்க வேண்டிய இடம் எது என்று தேடும்போதுதான் உண்மையான யோசனை தொடங்கும்.

இவ்வளவும் செய்தாலும் ஒவ்வொரு பெயரும் பலிக்க நூற்றுக்கு 65 வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; அதுவே நல்ல கணிப்பு. 14-க்கு அது சராசரியாக ஒன்பதைத் தரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், பதினான்கும் சரியாக விழ நானூறில் ஒரு வாய்ப்பு. 65-ஐ 80 ஆக்கினாலும் நூற்றுக்கு நான்கு, ஐந்து தடவைதான்.

கடைசியாக, பயிற்சி ஆட்டங்கள். சீசன் முன்னோட்ட ஆட்டங்களில் முன்னணி வீரர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பார்கள். ஆடுவது 53 பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் இடம்பிடிக்கத் துடிக்கும் இளைஞர்கள். 2008-ல் லயன்ஸ் நான்கு முன்னோட்ட ஆட்டங்களையும் ஜெயித்தது. சீசனில் 0-16. 2017-ல் பிரவுன்ஸும் நான்கையும் ஜெயித்து, 0-16. லீக்கின் வரலாற்றில் பதினாறையும் தோற்ற அணிகள் இவை இரண்டே. அதனால் ஸ்கோரை விட்டுவிட்டு, யாருக்குக் காயம், எந்த அணியில் குவார்ட்டர்பேக் மாறுகிறார் என்ற செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளைக் கொடுக்கும் நாளை 53 பேர் பட்டியல் வெளியான பின்னால் வைத்துக்கொள்ள அலுவலகத்தில் சம்மதித்தால் இன்னும் நல்லது.